தாலியும் இல்லை, பதிவும் இல்லை, மூன்று வயதில் பாப்பா இருக்கிறாள். எப்படிப் பிரிவது?

கொழிஞ்சாம்பாறைப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். என் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டில் வேலைக்கு வந்த இடத்தில் அவர் பழக்கமானார். மலையாளி, சாதியும் வேறு. இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொள்ளவில்லை. கல்யாணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதே மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையில் வீடு எடுத்துச் சேர்ந்து இருக்க ஆரம்பித்தோம். அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை. பாப்பா பிறந்ததும் அவருடைய அம்மா மனசு இறங்கி எங்களுடனேயே வந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் நாங்கள் புருஷன் பெண்டாட்டிதான்.

கொஞ்ச காலமாகவே எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அடி, குடி எதுவும் கிடையாது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் பேச்சே நின்றுவிட்டது. சாப்பாடு ஆயிற்று என்பதைக்கூடப் பாப்பாவிடம்தான் சொல்லி அனுப்புகிறேன். அவள் ஓடிப்போய் அவரிடம் மலையாளத்தில் சொல்கிறாள், அவர் சொன்ன பதிலை வாங்கிவந்து என்னிடம் தமிழில் சொல்கிறாள். மூன்று வயதுக் குழந்தை செய்கிற வேலையா இது? அதைப் பார்த்த பிறகுதான் போதும் என்று முடிவெடுத்தேன். பிரிவதற்கு அவருக்கும் சம்மதம்தான்.

சிக்கல் பாப்பா விஷயத்தில். “கல்யாணமே ஆகலையே, கோர்ட்டு எதுக்கு? நீ போய்க்கோ, குழந்தை இங்கேயே அம்மாகிட்ட வளரட்டும்” என்கிறார். என் அம்மாவோ, “பிள்ளையைத் தூக்கிட்டு வந்துடு, கோபாலபுரம் பார்டரைத் தாண்டிட்டா அவன் என்ன பண்ணிடுவான்” என்கிறார். பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் இருக்கிறது. வாடகை ஒப்பந்தமும் அவர் பெயரில்தான். எனக்கு என்ன உரிமை, அவருக்கு என்ன உரிமை, எதை முதலில் செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆனைமலையான்:

தங்கச்சி, அம்மா சொல்வதைக் கேளுங்கள். குழந்தை கையில் இருக்கிறவர்களுக்குத்தான் பலம். முதலில் வந்து சேருங்கள், பேச்சுவார்த்தையெல்லாம் அப்புறம்.

பாலக்காடு வக்கீல்:

ஆனைமலையான் சொல்வதோடு நான் ஒத்துப்போகவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் உங்கள் உறவு. அவர் சொல்வதில் பாதி உண்மை. விவாகரத்துக் கேட்க வேண்டுமென்றால் சட்டப்படி திருமணம் நடந்திருக்க வேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஒப்பந்தத்தின் பேரில் சேர்ந்து வாழ்ந்தவர்கள் அதைத் திருமணம் என்று சொல்லி விவாகரத்துக் கேட்க முடியாது. அதனால் நீங்கள் இருவரும் பிரிய எந்தக் கோர்ட்டும் தேவையில்லை. இத்தனை வருஷம் சேர்ந்து இருந்தால் தானாகவே கல்யாணம் ஆகிவிடும் என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அப்படி வருஷக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஆனால் குழந்தை விஷயம் அப்படியில்லை. பெற்றவர்களுக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்பது பராமரிப்புத் தொகைக்குத் தடையே இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவாக இருக்கிறது. முறைப்படி பிறந்த குழந்தையோ இல்லையோ, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளைக்குத் தகப்பன் பணம் தர வேண்டும் என்று அதில் நேராகவே இருக்கிறது. இந்துக்கள் என்றால் 1956 ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் உண்டு. அது தாய், தகப்பன் இருவர் மேலும் பொறுப்பை வைக்கிறது.

யாரிடம் வளர்வது என்பது அடுத்தது. 1956 இந்து இளவர் பாதுகாவலர் சட்டம், 6ஆம் பிரிவு: திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு இயற்கைப் பாதுகாவலர் தாய், அவருக்குப் பிறகே தகப்பன். அதே பிரிவில் 5 வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆகவே “குழந்தையை விட்டுவிட்டுப் போ” என்று சொல்ல அவருக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் இதை வைத்து அவரை முழுசாக ஒதுக்கவும் முடியாது. வழக்கு என்று வந்தால் நீதிபதி முதலில் பார்ப்பது குழந்தையின் நலன். தினமும் பார்த்துப் பழகிய தகப்பனையும் பாட்டியையும் அறுத்துவிட்ட தாய் என்ற எண்ணம் நீதிபதிக்கு வந்துவிட்டால் அது உங்களுக்குத்தான் பாதகம்.

இனி எல்லை தாண்டுவது. பாதுகாவலர் மனுவை, 1890 பாதுகாவலர் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். ராத்திரி பஸ்ஸில் பொள்ளாச்சி வந்துவிட்டதால் மட்டும் அது வழக்கமான வசிப்பிடம் ஆகிவிடாது. அவர் பாலக்காட்டில் போடுவார், நீங்கள் தமிழ்நாட்டில் போடுவீர்கள். இரண்டு மாநிலத்து வழக்கை ஒரே இடத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் டெல்லி உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் பஸ்ஸில் போய்வரும் இரண்டு ஊர்களுக்கு நடுவே டெல்லி வரை ஒரு வழக்கு. எல்லையோரத்தில் இதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும்.

மீனாட்சிபுரம் அக்கா:

அம்மா தாயே, வக்கீல் சார் சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் ரொம்ப வருஷமாக அங்கன்வாடியில் இருக்கிறவள், பிள்ளைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூன்று வயதுக்குப் ‘பிரிவு’ என்றால் என்னவென்று தெரியாது. இன்றைக்கு ராத்திரி யார் பக்கத்தில் படுப்பது, நாளைக்குக் காலையில் யார் தலை சீவி விடுவது, இது மட்டும்தான் தெரியும். உங்கள் பாப்பா ராத்திரி யாருடன் படுக்கிறாள்? பாட்டியோடு படுத்துப் பழகியிருந்தால் ஒரே நாளில் அந்தப் பழக்கத்தை அறுக்காதீர்கள். எங்களிடம் ஒரு பையன் இருந்தான். வீட்டில் இப்படி ஆனதும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைத்துவிட்டது. உடுப்பு நனைப்பது நின்றிருந்தது, மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. டாக்டரிடம் காட்டினார்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை. அச்சம்மா (அப்பாவின் அம்மா) வீட்டுக்கு வாரம் ஒரு தடவை போய்வர ஆரம்பித்த பிறகு மெல்ல மெல்லச் சரியானான்.

நாள் கணக்கு அவர்களுக்குப் புரியாது. “அச்சன் சனிக்கிழமை வருவார்” என்றால் ஒன்றும் விளங்காது. “அங்கன்வாடியில் முட்டை கொடுக்கிற நாளுக்கு அடுத்த நாள் வருவார்” என்று சொல்லுங்கள், பிடித்துக்கொள்வாள். சொன்ன நாளில் அவர் வந்தே ஆக வேண்டும். வர முடியாது என்றால் போனிலாவது பேச வேண்டும். இதை அவரிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பிள்ளையைக் கைமாற்றாதீர்கள். அந்தச் சத்தத்தில், அந்தக் கூட்டத்தில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது பிள்ளைகள் மிரண்டு போகும். அவர் வீட்டுக்கே கொண்டுபோய் விடுங்கள், இல்லையென்றால் அவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வரட்டும். ஒரு போர்வை, ஒரு பொம்மை, பழகின டம்ளர், இந்த மூன்றும் அவளோடு இரண்டு பக்கமும் போய்வரட்டும்.

தூது அனுப்புவதை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள் கண்ணு. பேசப் பிடிக்கவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்.

தத்தமங்கலம்:

முறையாகத் தாலி கட்டியிருந்தால் இந்த நிலைமை வந்திருக்குமா? பெரியவர்கள் சொன்னதைக் கேட்காமல் போனால் இப்படித்தான்.

நெம்மாரா நிலா:

தத்தமங்கலம் அண்ணா, தாலி கட்டியவர்களும்தான் குடும்ப நீதிமன்றத்தில் வரிசையில் நிற்கிறார்கள். அவர் கேட்டது அவருடைய பெண்ணைப் பற்றி. அதற்குப் பதில் தெரிந்தால் எழுதுங்கள்.

சித்தூர்ப்புழை:

நான் ஒரு தகப்பன். இந்தப் பக்கத்துக் குரலும் இங்கே வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நாங்களும் பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள்தான். ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் வீட்டில் பையனும் இல்லை, அவனுடைய சைக்கிளும் இல்லை. போன் எடுக்கவில்லை. கோயம்புத்தூரில் இருப்பது பிறகுதான் தெரிந்தது. போலீஸ் ஸ்டேஷனில் “குழந்தை அம்மாகிட்டத்தானே இருக்கு” என்று அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போய், பார்ப்பதற்கு உத்தரவு வாங்குவதற்குள் அவன் என்னை மறந்துவிட்டான். முதல் தடவை பார்த்தபோது அவன் என்னை ‘அங்கிள்’ என்றான். நான் அவன் அம்மாவைக் குறை சொல்ல வரவில்லை, அவளுக்கும் பயம் இருந்திருக்கும். குழந்தையைப் பறித்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

சகோதரி, உங்களவர் “குழந்தை இங்கேயே வளரட்டும்” என்பதும் அதே பயத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. போனால் திரும்பப் பார்க்கவே முடியாதோ என்று நினைக்கிறார். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே பார்க்கலாம் என்பதை நீங்களே முதலில் எழுதிக் காட்டுங்கள். அந்தத் தாள் கைக்கு வந்தால் அவர் பேச்சு மாறும்.

செங்கோட்டை ராணி:

என் கதை வேறு. நான் சேர்ந்து வாழ்ந்தவருக்குப் புனலூரில் ஏற்கெனவே மனைவி இருந்தார். அது தெரிந்தேதான் இருந்தேன். எனக்கு ஒன்றும் கிடைக்காது என்று ஒரு வக்கீல் சொல்லி அனுப்பிவிட்டார். உண்மையா சார்? என் மகனுக்கு 6 வயது.

பாலக்காடு வக்கீல்:

ராணி அம்மா, உங்களுக்கு ஒரு பதில், மகனுக்கு வேறு பதில்.

2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ‘திருமணத்தைப் போன்ற உறவு’ என்று ஒன்றை ஏற்றுக்கொள்கிறது. எதெல்லாம் அதற்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் வேலுசாமி–பச்சையம்மாள் வழக்கில் சொன்னது. அதுவும் நம் பக்கத்து வழக்குதான், கோயம்புத்தூர்க் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கியது. இருவரும் திருமண வயதை எட்டியிருக்க வேண்டும், திருமணம் செய்துகொள்ளத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும், ஊரார் முன் கணவன் மனைவியாக வாழ்ந்திருக்க வேண்டும், கணிசமான காலம் தாமாக விரும்பிச் சேர்ந்து இருந்திருக்க வேண்டும். அவருக்கு மனைவி இருப்பது தெரிந்தே வாழ்ந்தால் அது அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2013இல் இந்திரா சர்மா வழக்கில் சொல்லிவிட்டார்கள். ஆகவே உங்களுக்கென்று அந்த வழியில் கேட்பது கடினம்.

உங்கள் மகன் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவனுக்கான பராமரிப்புத் தொகையை உங்கள் நிலைமை பாதிக்காது. அந்த வக்கீல் இதைச் சொல்லாமல் விட்டது சரியல்ல. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள். 15100 எண்ணுக்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.

கொழிஞ்சாம்பாறைத் தங்கைக்கு: நீங்கள் இருவரும் மணமாகாதவர்கள், ஊரறியக் குடும்பம் நடத்தியவர்கள் என்பதால் 2005 சட்டம் உங்களுக்குப் பொருந்தலாம். வீட்டைவிட்டு வெளியேற்றினால், செலவுக்குப் பணத்தை நிறுத்தினால், அதுவும் அந்தச் சட்டத்தில் வன்முறைதான். அந்த மனுவை நீங்கள் தற்காலிகமாகத் தங்கும் இடத்திலும் போடலாம், பொள்ளாச்சியிலும் போடலாம். ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். நடக்காததை எழுதி மனுப் போடச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நாளைக்கு அந்தத் தாளைப் பாப்பா படிப்பாள்.

கொழிஞ்சாம்பாறைப் பெண்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மீனாட்சிபுரம் அக்கா கேட்டது சரிதான், பாப்பா அச்சம்மாவோடுதான் படுப்பாள். நான் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் தூங்கியிருப்பாள்.

சித்தூர்ப்புழை அண்ணா சொன்ன மாதிரி ஒரு தாளில் எழுதி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வாரத்தில் இரண்டு நாள் பாப்பா அவரிடம், ஓணத்துக்கு அங்கே, பொங்கலுக்கு இங்கே என்று எழுதியிருந்தேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் “விஷுவும் இங்கே வேணும்” என்று மட்டும் போட்டிருந்தார். விஷுவும் நம் சித்திரைப் பிறப்பும் ஒட்டி ஒட்டியே வரும், அதில்தான் எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பேச ஆரம்பித்துவிட்டார் என்பதே பெரிய விஷயம்.

பணம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் சுலபமாக ஒத்துக்கொள்வாரோ என்று ஒரு யோசனை. நானும் சம்பாதிக்கிறேன். அப்படிச் செய்யலாமா?

பாலக்காடு வக்கீல்:

செய்யாதீர்கள். அது உங்கள் பணம் இல்லை, பாப்பாவின் பணம். தாய் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் குழந்தையின் உரிமை அதனால் போய்விடாது. உங்கள் சம்பளம், அவர் சம்பளம் இரண்டையும் வைத்துப் பேசுங்கள். 2020இல் ரஜ்னேஷ்–நேஹா வழக்குக்குப் பிறகு நீதிமன்றங்கள் இரு தரப்பிடமும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றுக்கும் பிரமாணப் பத்திரம் கேட்கின்றன. கோர்ட்டுக்கே போகாவிட்டாலும் அந்த முறையில் இருவரும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு பேசினால் வாக்குவாதம் குறையும். தொகை வருஷா வருஷம் எவ்வளவு கூடும், ஸ்கூல் சேர்க்கும்போது யார் கட்டுவது, ஆஸ்பத்திரிச் செலவு எப்படி, இதெல்லாம் இப்போதே வர வேண்டும்.

வெறும் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வதைவிட ஒரு நல்ல வழி உண்டு. வழக்குப் போடாமலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசம் பேசி, லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) வைத்து முடிக்கலாம். கோர்ட் கட்டணம் இல்லை. அங்கே தரும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். பணம் தராமல் விட்டால் அதை வைத்து நிறைவேற்றக் கேட்கலாம். குழந்தை யாரிடம் என்பதை மட்டும் பின்னால் நிலைமை மாறினால் நீதிமன்றம் மாற்றி அமைக்கலாம், அது உங்கள் இருவருக்குமே பாதுகாப்புதான்.

ஒருவேளை பேச்சு முறிந்தால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். பாப்பாவின் பராமரிப்பு மனுவை அவர் இருக்கும் இடத்திலோ நீங்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்திலோ போடலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. உங்களுக்கு இரண்டுமே பாலக்காடு மாவட்டம்தான். அதனால் பொள்ளாச்சிக்குப் போனாலும் இந்தப் பக்கத்து வக்கீல் ஒருவர் எண்ணை வைத்திருங்கள்.

சொத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தால் திருமணம் நடந்ததாகவே கொள்ளலாம் என்று 2022 ஜூனில் கேரளத்துக் குடும்பம் ஒன்றின் பாகப்பிரிவினை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, மகனுக்குப் பங்கு கொடுத்தது. ஆனால் அப்படி நிரூபிக்கப் பல வருஷம் ஆகும். உங்களவருக்கு மகள்மேல் பாசம் இருக்கிறது என்பது தெரிகிறது. அவள் பெயருக்கு ஓர் உயிலோ செட்டில்மென்ட்டோ எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதற்கு யாரும் வழக்காட வேண்டியதில்லை.

நெம்மாரா நிலா:

ஆணைக்குழு வரை போகும்முன் உங்கள் வார்டில் ஜாக்ரதா சமிதி இருக்கிறதா என்று மெம்பரிடம் கேளுங்கள் அக்கா. பெண்கள், குழந்தைகள் பிரச்சினைக்கென்றே பஞ்சாயத்துகளில் வைத்திருக்கிறார்கள். கேரள அரசின் மகளிர் குழுத் திட்டமான குடும்பஸ்ரீயின் ஸ்நேஹிதா உதவி மையத்திலும் கவுன்சலிங் உண்டு. அவருடைய அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கென்னவோ அந்த அம்மாதான் உங்களுக்குத் துணையாக வருவார் என்று படுகிறது.

ஆனைமலையான்:

வக்கீல் சார் எழுதியதைப் படித்த பிறகு சொல்கிறேன், டெல்லி வரைக்கும் போகும் என்பது எனக்குத் தெரியாது. ஒரே ஒரு சந்தேகம். பாப்பா எந்தப் பக்கம் படிப்பாள்? தமிழா, மலையாளமா?

மீனாட்சிபுரம் அக்கா:

அதற்கு இப்போதே அடித்துக்கொள்ள வேண்டாம் தம்பி. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியமும் இருக்கிறது, மலையாள மீடியமும் இருக்கிறது. பிள்ளைக்கு இரண்டு மொழியும் வாயில் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். இந்த வருஷம் அங்கன்வாடியை மட்டும் மாற்றாதீர்கள். வீடு மாறுகிறது, அப்பா தள்ளிப் போகிறார், அதோடு டீச்சரும் மாறினால் பிள்ளை தாங்காது. பொள்ளாச்சிக்குப் போவதை அடுத்த ஜூனுக்குத் தள்ளி, அதுவரை இதே ஊரில் ஒரு சின்ன வீடு பார்க்க முடியுமா கண்ணு?

கொழிஞ்சாம்பாறைப் பெண்:

பார்த்துவிட்டேன் அக்கா. அங்கன்வாடிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு. அட்வான்ஸ் பேசிக்கொண்டிருக்கிறேன். என் அம்மாவுக்குக் கோபம்தான், இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை. ஆனால் நான் இரவு ஷிப்ட் போகும் நாட்களில் பாப்பா அச்சம்மாவிடமே தூங்கட்டும் என்று சொன்னதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். விஷுவை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன், காலையில் கணி பார்த்துவிட்டு மத்தியானம் என்னிடம் வந்துவிடுவாள். மாதத் தொகையில் இன்னும் இழுபறி, அவர் சொல்வதும் நான் கேட்பதும் ரொம்பத் தூரத்தில் இல்லை.

பாலக்காட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பிறப்புச் சான்றிதழ், எங்கள் மூவரின் ஆதார், வாடகை ஒப்பந்தம் எடுத்து வைத்துவிட்டேன். அவருடைய அம்மா பாப்பாவுக்குப் போட்ட சங்கிலியும் அரைஞாணும் என்னிடம் இருக்கிறது, அதை என்ன செய்வது சார்? வேறு என்ன கொண்டுபோக வேண்டும்?

பாலக்காடு வக்கீல்:

நகை பாப்பாவுடையது. எடையைக் குறித்து, போட்டோ எடுத்து, யார் பொறுப்பில் வைப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். இருவரின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிப் பாஸ்புக், பாப்பாவின் தடுப்பூசி அட்டை இவையும் வேண்டும். வட்டிக் கடன், கூட்டுக் கடன் எதிலாவது இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தாளும். பாப்பாவை அன்றைக்கு அங்கே கூட்டிவர வேண்டாம், அச்சம்மாவிடம் விட்டுவிட்டு வாருங்கள்.